மூன்றாம் தரம்

வாரத்தில் ஐந்து நாள்
என் வாய்தான் என் வயிற்றுப்பாடு.
ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து,
மூச்சு விடும் இடத்தில்கூட ஓர் எண்ணைச் செருகிவிடுவேன்.
கம்பிரியாவின் ஆட்டுச் சந்தையில் கேட்டுப் பாருங்கள்:
ஆஸ்வின் த்வெயிட் வாயை மூடினால்
மழை வரும் என்பார்கள்.

ஞாயிறு பத்தரைக்கு
கல் சுவர், சுண்ணாம்பு, பதினோரு பேர்.
பீடம் இல்லை, பாட்டு இல்லை, போதகர் இல்லை.
குவேக்கர்கள் நாங்கள். ஜெபம் என்றால் எங்களுக்கு
பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு மணி நேரம் சும்மா இருப்பது.

முதல் இருபது நிமிடம்
சந்தையும் என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.
டீசல் பாக்கி. பல்வலி.
அந்த ஒற்றைக் கொம்புக் கிடாயை
இரண்டு பவுண்டு குறைத்து விட்டுவிட்டேனோ.
ஹெஸ்டர் அம்மையாரின் காதுக் கருவி மெல்ல விசிலடிக்கும்;
அவருக்கு மட்டும் அது கேட்காது.

சந்தையில் ஒரு சட்டம்:
அசைந்தால் வாங்கினாய்.
புருவம் போதும். தொப்பி நுனியைத் தொட்டால் போதும்.
மூக்கைச் சொறிந்து
பன்னிரண்டு ஆடுகளோடு வீடு போன
புது மாப்பிள்ளை ஒருவனை எனக்குத் தெரியும்.
வேண்டாதவன் சிலையாய் நிற்பான்.
அதனால் வெகு காலம் நினைத்திருந்தேன்,
அந்தப் பக்கமிருந்து அசைவே இல்லையென்றால்
வேண்டாம் என்று அர்த்தம் என்று.

கடவுளோடும் பேரம்தான் பேசினேன், மறைக்க என்ன இருக்கிறது.
மெரியலின் மார்பில் கட்டி வந்தபோது
குடியை விடுகிறேன் என்றேன்,
மேல் வயலைத் தருகிறேன் என்றேன்.
எதிர்விலை வரவில்லை.
கட்டி கரைந்தது. நான் குடியை விடவில்லை.
யாரும் வந்து கேட்கவும் இல்லை.

பிறகு அந்த வருடம்.
கோமாரி என்றார்கள். அரசாங்க வண்டிகள் வந்தன.
ஒரே வாரத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் சுட்டு முடித்தார்கள்,
குட்டி ஈனும் பருவத்தில்.
கருகிய கம்பளி வாடை
ஜன்னல் திரையில் தங்கிவிட்டது.
அதற்குப் பின் வந்த அமைதி இருக்கிறதே,
ஏப்ரலில் ஒரு 'மே' இல்லை.
எதைப் பார்த்துக் குரைப்பதென்று தெரியாமல்
நாய்கள் கதவடியில் கிடந்தன.
அப்படி ஒரு நிசப்தத்தை வீட்டில் வைத்துக்கொண்டு
இன்னொன்றைத் தேடி எவன் போவான்?
ஏழு ஞாயிறு போகவில்லை.

எட்டாவது ஞாயிறு, ஏனோ, கால் நடந்தது.
அதே பதினோரு பேர். விசில் மட்டும் இல்லை.
உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளினால்
யாரும் எழுந்து பேசலாம் என்பது எங்கள் வழக்கம்.
முப்பது வருடத்தில் நான் எழுந்ததில்லை.
அன்று எழுந்தேன்.
வாயில் வந்தது ஏலம்.

மேல்க்ராஃப்ட் பண்ணை, இருநூற்று நாற்பது, தாய் ஆடு.
ஸ்கேல்பெக் பண்ணை, தொண்ணூறு, எல்லாம் சினை.
த்வெயிட், என்னுடையது, அறுபது,
அப்புறம் புட்டிப்பாலில் வளர்ந்த ஒன்று.
யார் கேட்கிறீர்கள்?
ஒரு தரம்.
இரண்டு தரம்.

ஒரு புருவம் அசையவில்லை.
ஒரு ஆமென் இல்லை.
மூன்றாம் தரத்துக்கு
எனக்கு நா எழவில்லை.

உட்கார்ந்தேன்.
எப்படிச் சொல்வது,
அந்த அறையின் மௌனம்
பள்ளத்தாக்கின் மௌனம் அல்ல.
அது காலியாக இல்லை. காது கொடுத்தது.
நான் கூவியதையெல்லாம் விலை பேசாமல் எடுத்துக்கொண்டது,
சினையை, புட்டிக்குட்டியை,
கடைசிச் சரக்காக
தொண்டை கட்டிய இந்த ஏலக்காரனை.
முன்பே கிரயம் கொடுத்து முடித்தவன்
எதற்குக் கை தூக்க வேண்டும்?

பதினொன்றரைக்குப்
பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்து முடிப்போம்.
சந்தையிலும் கை கொடுப்போம்;
விற்றவன் ராசிக்கென்று ஒரு காசை
வாங்கியவன் உள்ளங்கையில் திருப்பி வைப்பான்.
என் பையில் காசு இல்லை.
ஹெஸ்டர் அம்மையார் பிடித்த கையை விடவில்லை.
"பேட்டரி தீர்ந்துபோச்சு ஆஸ்வின்,
நீயா எழுந்து நின்றாய்? என்ன சொன்னாய்?"

ஒன்றுமில்லை, என்றேன்.
கணக்கு.